கடல்குளத்துக்கு மாஸ்டர் வருவாரா?

ஊரில் யார் எதைப் புகழ்ந்தாலும் அதில் ஒரு நொட்டை கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்காது. புதுப் பாலம் திறந்தால் அது கோணல். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தால், அந்தக் கம்பெனி எத்தனை நாளைக்கு நிற்கும் பார்க்கலாம். மழை பெய்தால், பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்யவில்லை. ஆகவே திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மனைவி தபால் ஆபீஸிலிருந்து வந்து, கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டே கடல்குளம் என்று பேச்செடுத்ததும் மனுஷனுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கடல்குளம் என்பது மூன்று மணி நேரப் பயணத்தில் கடலோரமாக இருக்கிறது. பாறைகள் லாடம் மாதிரி வளைந்து நின்று ஒரு துண்டுக் கடலைத் தனியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது அங்கேயே தங்கும். அலை வெளியே முட்டி மோதிக்கொண்டு கிடக்க, உள்ளே இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை அசையாத தண்ணீர். ஒரு காலத்தில் மீன்பிடிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த இடம். யாரோ ஒரு புண்ணியவான் படம் எடுத்துப் போட்டான், இன்றைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு அங்க வரச் சொல்லியிருக்கா," என்றாள் மனைவி. "அடுத்த புதன்கிழமை ஃப்ளைட்டு. வீட்டுக்கு வந்துட்டுப் போக நேரமில்லையாம். தம்பி கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டான்."

ஒரே மகள். அந்தக் கடலோர ஊரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. வீட்டுப் பக்கம் வந்து இரண்டு வருஷமாகிறது. மத்தியானங்களில் தபால் ஆபீஸுக்குப் போன் செய்து அம்மாவோடு பேசுவாள். இப்போது கடல் கடந்து ஐந்து வருஷத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பார்த்ததுதான், இல்லாவிட்டால் ஐந்து வருஷம் கழித்துத்தான். இது மாஸ்டருக்கும் சட்டென்று உறைத்தது. ஆனால் மனசு சொன்னதை வாய் என்றைக்குக் கேட்டது?

"குளிக்கறதுக்கு எவனாவது மூணு மணி நேரம் போவானா? நம்ம வீட்டுக் குழாய்ல தண்ணி வரலையா?" என்றார்.

மனைவி காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. எங்கே போவதென்றாலும் மாஸ்டர் முதலில் முடியாது என்பார். மனைவி கெஞ்சுவாள். மறுநாள் மறுபடி கெஞ்சுவாள். மூன்றாம் நாள் கெஞ்சும்போது, "சரி, உன் தொல்லை தாங்கல" என்று சட்டையை மாட்டுவார். சாவு வீட்டுக்குக் கிளம்பவே குறைந்தது இரண்டு கெஞ்சல் வேண்டும். இதில் மாஸ்டருக்கு ஒரு வசதி இருந்தது. போன இடத்தில் நாற்காலி சரியில்லை, சோறு வேகவில்லை என்று சொல்லும் உரிமை தானாக வந்துவிடும். அவராகவா வந்தார்? இழுத்துக்கொண்டு வந்தார்கள். முப்பத்தொரு வருஷமாக இந்த வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே திங்கட்கிழமை முடியாது என்றாயிற்று. செவ்வாய்க்கிழமை முதல் கெஞ்சல் வர வேண்டும். அதற்குத் தயாராக, மாஸ்டர் மத்தியானம் முழுவதும் செல்போனில் கடல்குளத்தைப் பற்றி ஊரார் எழுதிப் போட்டிருந்ததையெல்லாம் படித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் மனைவி காய் நறுக்கும்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

"கேளு. ஒருத்தன் எழுதறான், 'இங்கே வந்த பிறகு நான் புது மனிதன் ஆகிவிட்டேன்'னு. பழைய மனுஷனை என்ன பண்ணினான், பாறை இடுக்குல செருகிட்டானா? இன்னொரு அம்மா ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்திருக்கா. ஏன்னா தண்ணி உப்பா இருக்காம். கடல் தண்ணி உப்பா இல்லாம வெல்லப்பாகாவா இருக்கும்? இந்தா, இவன் பெரிய மேதாவி. 'கூட்டமே இல்லாத அமைதியான இடம்'னு எழுதிட்டுப் போட்டோ போட்டிருக்கான். எண்ணிப் பாத்தேன். எழுபத்திரண்டு தலை!"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாள். அதுவரை சரி. ஆனால் கெஞ்சவில்லை. காயை வாணலியில் போட்டுவிட்டு, "உங்களுக்கு அந்தக் கூட்டமெல்லாம் ஒத்து வராதுதான்," என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது வழக்கத்தில் இல்லாதது.

புதன்கிழமை வேலைக்கு வந்தவருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் முப்பது வருஷமாகப் பல்செட் செய்கிறவர் அவர். டாக்டரம்மா வாயில் அளவெடுத்து அச்சை உள்ளே அனுப்புவாள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு, ஒரு வாயை உண்டாக்கி வெளியே அனுப்புவது மாஸ்டரின் வேலை. சுவர் அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் வாய்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு. ஊரில் பாதிப் பேர் மாஸ்டர் தயவில்தான் மெல்லுகிறார்கள். தெருவில் முகத்தைப் பார்த்து அவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் பிறந்த வருஷம் வரை சொல்வார்.

டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக்கு வந்தாள். மாஸ்டரைவிட இருபது வயது சின்னவள், அவர் கைமேல் பெரிய மரியாதை உள்ளவள். அன்றைக்குத் தயாராகியிருந்த மேல்வரிசையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி மாஸ்டர், நீங்க பண்ற செட்டு மட்டும் சொந்தப் பல்லு மாதிரியே இருக்கு?"

"நேரா வெச்சா பொய்ப்பல்லுன்னு எட்டு வீட்டுக்குத் தெரியும் டாக்டரம்மா. ஒரு பல்லைக் கொஞ்சம் கோணலா வெச்சாத்தான் கண்ணு நம்பும்."

"எல்லா செட்லயும் அந்த இடது சிங்கப்பல்லைத்தான் துளி வெளிய தள்ளி வைக்கறீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"யாரும் சொல்லித் தரல. கை தானா அப்படிப் போகுது."

டாக்டரம்மாவும் போன மாதம் கடல்குளத்துக்குப் போய் வந்தவள்தானாம். படத்தைக் காட்டினாள். மாஸ்டர் விடுவாரா? தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றவர்களை வரிசையாகப் பிடித்தார். இவனுக்கு முன்பல் இரண்டும் ஒட்டுப்பல், ஒட்டியவன் கொத்தனார். இந்தம்மாவுக்குக் கீழ்வரிசை ஆடுகிறது, அடுத்த அலைக்குத் தாங்காது. இவர் வெற்றிலை போடுகிறவர், கடலே சிவந்துவிடும். டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற ஆள் கிடைத்ததும் மாஸ்டர் தன்னுடைய மிகச் சிறந்த நகைச்சுவையையும் எடுத்துவிட்டார். அது மகளைப் பற்றியது.

மகளுக்குத் தெத்துப்பல். பல் செய்கிறவன் வீட்டிலேயே தெத்துப்பல் என்று ஊர் சிரிக்கக்கூடாதே என்பதற்காகப் பன்னிரண்டு வயதில் கம்பி போட வைத்தார். அழுது ரகளை செய்து ஆறே மாதத்தில் கழற்றிவிட்டாள். பல் பழைய இடத்துக்கே திரும்பியது. அதிலிருந்து நாலு பேர் கூடிய இடத்தில் அவள் சிரித்தால் மாஸ்டர் உரக்கச் சொல்வார்: "வாயை மூடிட்டுச் சிரிம்மா, அப்பா பொழப்புல மண்ணைப் போட்டுடாதே!" கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். எத்தனை வருஷமாகச் சொல்கிறார், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

டாக்டரம்மா இதற்குச் சிரிக்கவில்லை. "பொண்ணு என்ன சொல்வா?" என்று கேட்டாள்.

"அவளும்தான் சிரிப்பா."

"வாயை மூடிட்டா?"

"ஆமா, நல்லா கையை வெச்சு மூடிக்குவா," என்றார் மாஸ்டர் பெருமையாக. பெருமைப்பட என்ன இருக்கிறதென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

டாக்டரம்மா செட்டைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்களும் போறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"யோசிச்சிட்டிருக்கேன். வீட்டுல ஒத்தைக் கால்ல நிக்கறாங்க," என்றார். பச்சைப் பொய். வீட்டில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மச்சினன் வந்தான். கார் ஓட்டப்போகிறவன் அவன்தான். எதைப் பார்த்தாலும் "ஆகா, பிரமாதம்" என்று சொல்கிற ஜென்மம். மாஸ்டருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனதும் பேச்சு கத்தரித்த மாதிரி நின்றது.

"என்ன அத்தான், சௌக்கியமா?" என்று மச்சினன் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

இரண்டு பேரும் சேர்ந்து தன்னை எப்படிச் சம்மதிக்க வைப்பதென்று திட்டம் போடுகிறார்கள் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கூடத்தில் போய் அமர்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். வந்து கெஞ்சலாம். நேரம் நல்ல நேரம். அரை மணி கழித்து மச்சினன் வெளியே வந்தான். "வரேன் அத்தான்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தானே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பாறையெல்லாம் பாசி பிடிச்சு வழுக்குமாமே. உனக்கு வேற முட்டி வலி."

"தம்பி பிடிச்சுக்குவான்."

"வெயில் மண்டையைப் பிளக்கும்."

"குடை எடுத்து வெச்சிருக்கேன்."

"நான் வரலைன்னா அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாளே?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடி, "அதெல்லாம் ஒண்ணும் நெனக்க மாட்டா. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றாள்.

அன்றைக்கு அவர் நட்ட பற்கள் ஒன்றும் உட்காரவில்லை. மகள் போகப்போகிறாள். இந்த அம்மாளுக்கு என்ன கோபமோ, கெஞ்ச மாட்டேன் என்கிறாள். கெஞ்சாமல் எப்படிப் போவது? போகாமல் எப்படி இருப்பது? ஐந்து வருஷம் என்பது விளையாட்டா? அவருக்கு இப்போதே ஐம்பத்தொன்பது. மெழுகை உருக்குவதும் ஆறவிடுவதுமாக மத்தியானம் வரை தடுமாறி, கடைசியில் அவர் வாழ்க்கையில் இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்வதென்று தீர்மானித்தார். யாரும் கெஞ்சாமலே கிளம்புவது. இந்தத் தியாகத்தை நினைத்து அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போனார். நீச்சல் நிக்கர் வேண்டும் என்றதும் கடைக்காரர் மேஜைமேல் கொட்டிக் காட்டினார். ஒன்றில் கிளி, ஒன்றில் அன்னாசிப்பழம், ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்ட சுறாமீன்.

"இதைப் போட்டுக்கிட்டு இறங்கினா மீனெல்லாம் கரையேறிடும்யா," என்றார் மாஸ்டர்.

"இப்ப எல்லாரும் இதான் சார் வாங்கறாங்க. கடல்குளத்துக்கா?"

"ஆமா. பொண்ணு கூப்பிட்டிருக்கா."

அதைச் சொன்னபோது மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரர் பொட்டலம் கட்டக் கயிறு தேடிய நேரத்தில், மகள் வெளிநாடு போவதையும், ஆய்வுக்கூடத்தில் அவள் பெரிய பதவியில் இருப்பதையும், நீச்சல் அவளாகவே கற்றுக்கொண்டதையும் சொன்னார். எதிலும் ஒரு நொட்டை சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஊரே மூக்கில் விரல் வைத்திருக்கும். கிளியும் மீனும் இல்லாத கருநீல நிக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி கட்டிலில் பையை விரித்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு, ஒரு மாற்றுப் புடவை, குடை, மகளுக்குக் கொடுக்க என்னவெல்லாமோ. மாஸ்டர் பொட்டலத்தை அந்தப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரி, வரேன்," என்றார்.

"எங்க?"

"எங்கயா? அந்தக் குட்டைக்குத்தான். காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்? உன் தம்பி வழியில நின்னு நின்னு வேடிக்கை பாப்பான், அஞ்சு மணிக்கே வரச் சொல்லு."

மனைவி பொட்டலத்தைப் பிரித்தாள். நிக்கரைக் கையில் எடுத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க," என்றாள். "அவ என்னை மட்டும்தான் வரச் சொன்னா."

மாஸ்டருக்குப் புரியவில்லை. புரிந்தபிறகும் புரியாதவர் மாதிரி நின்றார்.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். வாய் வரல. எப்படியும் வேண்டாம்னுதான் சொல்லப்போறீங்க, நீங்களே வேண்டாம்னு சொன்னதா இருந்துட்டுப் போகட்டும், எதுக்கு உங்க மனசைக் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன். நான் கெஞ்சலைன்னா நீங்க கிளம்ப மாட்டீங்க. அதை நம்பித்தாங்க இருந்தேன்." அவள் நிக்கரைத் திருப்பி மடித்தாள். "இப்படி வந்து நிப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் என்ன பண்ணினேன் அவளை?" என்றார் மாஸ்டர். அடித்தாரா, படிக்க வைக்கவில்லையா, கேட்டது எதை வாங்கித் தரவில்லை? எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு குறையும் சொல்லலைங்க. 'அப்பா இருந்தா நான் தண்ணியிலேருந்து முகத்தையே தூக்க மாட்டேன்மா, இந்த ஒரு நாள் மட்டும் நீ தனியா வாம்மா'ன்னு கேட்டா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, செல்போனை எடுத்து ஒரு படத்தை அவரிடம் நீட்டினாள். மகள் அம்மாவுக்கு மட்டும் அனுப்பியிருந்தது.

கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெண். தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும், தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டு கையும் தண்ணீருக்குள். பல் அத்தனையும் தெரிகிறது. இடது பக்கச் சிங்கப்பல் துளி வெளியே தள்ளி நிற்கிறது.

முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வாய்களைக் கையால் செய்தவர். இந்த வாயைத் திறந்து அவர் பார்த்ததெல்லாம் அச்செடுக்கும் நாற்காலியில், கண்ணில் தண்ணீரோடு. இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. அந்தப் பல்லைத்தான் அவர் கை இத்தனை காலமாகக் கண்டவர்கள் வாயிலெல்லாம் நட்டுக்கொண்டிருந்தது. ஊரார் வாயில் அழகாக இருந்தது மகள் வாயில் ஆகவில்லை. வழக்கம்போல ஏதாவது நொட்டை சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு அழகாக இருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான் வேணா இப்பவே போன் பண்ணிக் கேக்கறேன்," என்றாள் மனைவி. "நீங்க கிளம்பி நிக்கறீங்கன்னு சொன்னா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா."

சொல்ல மாட்டாள்தான். "வரட்டும்மா" என்பாள். வந்ததும் எழுந்து நின்று அவருக்கு இடம் விடுவாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிடலாம். அப்போதும் அவள் நாள் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் வாய்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அப்படியே புதன்கிழமை விமானம் ஏறுவாள்.

ஒரு வாரமாக வெட்டியாக யோசித்த விஷயத்தை மாஸ்டர் இப்போதுதான் உண்மையில் யோசித்தார். அதிக நேரம் ஆகவில்லை.

"வேண்டாம். நான் வரல," என்றார். "நான் கிளம்பினேன்னு அவகிட்ட மூச்சு விடாதே. இந்த நிக்கர் கதையெல்லாம் சொல்லாதே. போகும்போது மனசுல வெச்சுட்டுப் போவா."

"அப்பா எங்கேன்னு கேட்டா?"

"கேப்பாளா?"

"கேப்பா."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஊரான் அழுக்கெல்லாம் ஊறிக் கிடக்கற குட்டையில நான் கால் வைக்கறதான்னு கேட்டுட்டு, காலை நீட்டிப் படுத்துட்டாருன்னு சொல்லு."

மனைவி தலையாட்டினாள். பிறகு, மறந்துவிடாமலிருக்க ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவள் சொன்னபோது அது ஏதோ துக்கச் செய்தி மாதிரி இருந்தது.

"இப்படிச் சொன்னா கண்டுபிடிச்சிடுவா," என்றார் மாஸ்டர். "இளக்காரமா சொல்லணும். நான் சொல்ற மாதிரி."

அவரே சொல்லிக் காட்டினார். முதல் தடவை அவருக்கும் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். இரண்டாவது தடவை நன்றாக வந்தது.